இருபத்தோராவது நிமிஷம்

பதினாறு, பதினேழு. பதினேழாவது நிமிஷம் வரைக்கும் சத்தத்தில் ஒரு குறை சொல்ல முடியாது. கொல்லையில் தகரக் கொட்டகை நிழலில், கவிழ்த்துப் போட்ட பெயிண்டு வாளியின் மேல் உட்கார்ந்து செல்போனில் நேரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார் சென்னியப்பன். ஜெனரேட்டரின் அதிர்வு தரையிலிருந்து வாளிக்கு ஏறி, வாளியிலிருந்து தொடைக்கு ஏறி, கடைவாய்ப் பல்லில் வந்து நின்றது. முப்பது வருஷம் பழைய ஜெனரேட்டர்களை வாங்கி விற்று ஆளான மனுஷன். தெருமுனையில் ஓடுகிற மிஷினின் சத்தத்தைக் கேட்டே அதற்கு என்ன வயது, எத்தனை தடவை பிரித்து மாட்டியது, எவன் தலையில் கட்டியது என்று சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்டவர் தன் வீட்டுக் கொல்லையில், தன் சொந்த மிஷின் முன்னால், நிமிஷம் எண்ணி உட்கார்ந்திருக்கிறார். பதினெட்டு. ஓடு. இன்னிக்கு ஒரு நாள் ஓடிரு, நாளைக்கே உனக்கு ஆயில் மாத்தறேன், மேலே புதுத் தகரம் போடறேன். மிஷினிடமும் பேரம்தான். பேரம் பேசாமல் அவருக்கு ஒரு காரியம் ஆனதில்லை. தாலி கட்டின அன்றைக்குக்கூட மேளக்காரனிடம் பேசி ஒரு மணி நேரம் கூடுதலாக வாசிக்க வைத்தவர். லைன் வேலை என்று மாதம் ஒரு நாள் காலை ஒன்பதுக்குப் பிடுங்கி சாயந்திரம் ஐந்துக்குக் கொடுக்கிற கரண்டு, பரீட்சைக் காலம் என்பதால் மூன்று மாதமாகப் பிடுங்கப்படாமல் இருந்தது. நேற்று பேப்பரில் சின்னதாகக் கட்டம் கட்டிப் போட்டிருந்தான். ஊர்ப்பேர் வரிசையில் கடைசியாக இவருடைய ஊர். உள்ளே, ஜன்னலுக்கு அந்தப் பக்கம், கட்டிலில் மயிலாத்தாள். பத்தொன்பது வருஷம் பஞ்சு மில்லில் இழுத்த தூசியெல்லாம் ஒன்றாகத் திரும்பி வந்து அவள் நெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது. தை மாதத்திலிருந்து படுக்கைதான். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தருகிற மிஷின் கட்டிலை ஒட்டி நிற்கிறது, அதற்குக் கரண்டு வேண்டும். கரண்டு இல்லையென்றால் சுவரில் சாத்தி வைத்திருக்கிற சின்ன சிலிண்டர். அதன் முள் சிவப்புக் கோட்டுக்கு ஒரு விரற்கடை மேலே நிற்கிறது. கணக்குப் போட்டால் கால் மணி நேரம். புது சிலிண்டர் திங்கட்கிழமைதான் வரும். இன்றைக்கு சனி. மணி பத்தேகால். ஐந்து மணிக்கு இன்னும் எவ்வளவு என்று மனசு கழித்துப் பார்க்கப் போனது, அதன் கையைத் தட்டிவிட்டார். பத்தொன்பது.

இருபது. இப்போது வரும் என்று தெரிந்தே காத்திருப்பது இருக்கிறதே, அடி விழுவதைவிட அது மோசம். சத்தத்தில் ஒரு சுருக்கம் விழுந்தது. பேசிக்கொண்டே இருக்கிறவன் நடுவில் எச்சில் விழுங்குகிற மாதிரி. மறுபடி சரியானது. மறுபடி விழுங்கியது. விழுங்கி, விழுங்கி, ஒரு தடவை இருமி, நின்றது. இருபத்தோராவது நிமிஷம். காலையிலிருந்து மூன்றாவது தடவை. நின்ற இடத்தில் வந்து நிறைந்த அமைதிக்குள் உள்ளே இருந்து அந்த பீப், பீப், பீப். கரண்டு போனால் ஆக்சிஜன் மிஷின் போடுகிற கூச்சல். சென்னியப்பன் எழுந்து ஓடினார். முழங்கால் படியில் இடித்தது. மூக்குக் குழாயை மிஷினிலிருந்து உருவி சிலிண்டரில் சொருகி, சாவியைத் திருப்பிய அவசரத்தில் ஒரு சுற்று கூடப் போய்விட்டது, திரும்பக் குறைத்தார். முள் லேசாக ஆடியது. மயிலாத்தாள் கண்ணைத் திறக்கவில்லை. கழுத்துக்குழி உள்ளே போய் வெளியே வந்து, உள்ளே போய் வெளியே வந்துகொண்டிருந்தது. "நின்னுபோச்சுங்களா" என்றாள். கேள்வியாகக்கூட இல்லை. "சித்த நேரம். இதா போட்டர்றேன்" என்றார். அவள் விரலைத் தூக்கி ஜன்னல் பக்கம் காட்டி ஏதோ சொல்ல வந்தாள். "பேசாத. உனக்குப் பேச்சு வேண்டாம்னு டாக்டரு சொல்லியிருக்கறாரா இல்லையா? சும்மா கிட" என்று அதட்டிவிட்டு வெளியே ஓடினார். ஓடும்போதே, ஏன் அதட்டினோம் என்று இருந்தது. பயம் வந்தால் அவருக்குக் கோபமாகத்தான் வரும், சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். பழைய இரும்பு லாரியில் லோடு ஏற்றப் போன பதினாலு வயதில், தலைக்கு மேலே தகடு சரிந்து வந்தபோது ஓடாமல் நின்று தகட்டைக் கெட்ட வார்த்தையில் திட்டியவர் அவர். தகடு ஒரு சாண் தள்ளி விழுந்தது. அன்றைக்கு வேலை செய்த திட்டு இன்றைக்கு எடுபடவில்லை. நூத்தியெட்டுக்குப் போன் போடலாம். போன தடவை ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது கார் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே அவள் சொன்னாள், "இன்னொருக்கா அங்க கொண்டுக்கிட்டுப் போனா நான் திரும்ப மாட்டனுங்க, சொல்லிப்போட்டேன்." சொன்னதைச் செய்கிறவள்.

மூடியைத் திறந்து டாங்கைப் பார்த்தார். பெட்ரோல் இருந்தது. மூடினார். கயிற்றைச் சுண்டி இழுத்தார். ஒரே இழுப்பில், ஒன்றுமே நடக்காத மாதிரி, அந்தச் சனியன் ஓடியது. ஓடாமல் போயிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்; ஓடாத மிஷினுக்கு வைத்தியம் உண்டு. ஓடி ஓடி நிற்கிறதை என்ன செய்ய. உள்ளே ஓடிக் குழாயை மாற்றிவிட்டு, மறுபடி வாளியில் வந்து உட்கார்ந்து, மெக்கானிக் சிவராசுக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் நாயனமும் இலை போடுகிற சத்தமும். "சொல்லுங்ணா. காங்கயத்துல ஒரு கல்யாணமுங்ணா, பந்தியில உக்காந்துட்டனுங்ணா." "பிளக்கு துடைச்சாச்சு, காத்து வடிகட்டி கழுவியாச்சு. இருபது நிமிஷம் ஓடுது, நிக்குது. என்னடா அது?" "அப்ப சூடுதானுங்ணா. சித்த ஆறப் போட்டு ஓட்டுங்ணா." "ஆறப் போடறதுக்கு இதென்ன பணியாரமாடா? நான் இங்க ஆறப் போட்டா உங்கக்கா..." அந்தப் பக்கம் நாயனம் மட்டும் கேட்டது. பிறகு சிவராசு குரலைத் தாழ்த்தி, "இல்லீங்ணா, கை கழுவீட்டுப் பொறப்படறனுங்ணா. ரெண்டு மணி நேரத்துல வந்தர்றேன்" என்றான். ரெண்டு மணி நேரம். இருபது நிமிஷமாக வெட்டினால் ஆறு துண்டு. ஒவ்வொரு துண்டுக்கும் நடுவில் சிலிண்டர் ஐந்து நிமிஷம் தின்னும். முள் தாங்குமா. தாங்கும். தாங்காது. ஏழு, எட்டு. இருபது நிமிஷம் ஓடுதுங்க. இதை யாரோ சொன்னார்கள். இப்போது போனில் தான் சொன்ன அதே வார்த்தையை, அதே அடுக்கில், யாரோ ஒருத்தர் எப்போதோ தன்னிடம் சொன்னார்கள். இல்லை, யாரும் சொல்லவில்லை. ஒன்பது. யாரோ இல்லை, யாரென்று தெரியும். காலையில் முதல் தடவை நின்றபோதே தெரியும். ஒன்பதரை மணியிலிருந்து அந்த ஆள் இந்தக் கொல்லைக் கதவுக்குப் பின்னால்தான் நிற்கிறார், கையில் ஒரு தட்டோடு. இவர்தான் திரும்பிப் பார்க்காமல் உட்கார்ந்திருக்கிறார்.

நாச்சிமுத்து. பதினோரு வருஷம் முன்னால், சுல்தான்பேட்டைப் பக்கம். கோழி முட்டையை மிஷினில் வைத்துக் குஞ்சு பொரித்து விற்கிற சின்னத் தொழில். கரண்டு போனால் அதை ஓட்ட ஒரு ஜெனரேட்டர் வாங்க இவரிடம் வந்தார். தொண்டையில் முள் சிக்கிய மாதிரி மெதுவாகப் பேசுகிற மனுஷன், பேரம் பேசவே தெரியாது. சொன்ன விலையைக் கேட்டு "செரீங்க" என்றவரைப் பார்த்து இவருக்கே சப்பென்று ஆகிவிட்டது. அப்போது வீடும் மிஷின் விற்கிற யார்டும் ஒன்றுதான், இந்தக் கொல்லை முழுக்க மிஷின்கள். நாலு மாதம் கழித்து ஒரு கரண்டு ஷட்டவுன் நாளின் மறுநாள், இதே மாதிரி வெயிலில், நாச்சிமுத்து வேனில் அந்த ஜெனரேட்டரை ஏற்றிக்கொண்டு வந்தார். மிஷினை இறக்குவதற்கு முன்னால் ஒரு தட்டை எடுத்து வந்து மேஜை மேல் வைத்தார். தட்டு நிறைய முட்டைகள். இருபத்தோராவது நாள், பொரிக்க வேண்டிய நாள். ஒவ்வொரு முட்டையிலும் குண்டூசி போகிற அளவில் ஒரு துவாரம்; உள்ளேயிருந்து கொத்தியது. சிலதில் துவாரத்தில் அலகின் நுனி மட்டும் வெளியே, மஞ்சளாக, அசையாமல். "இருபது நிமிஷம் ஓடுதுங்க. அப்பறம் மூச்சு முட்டினாப்பல நிக்குதுங்க" என்றார் நாச்சிமுத்து. அவ்வளவுதான் சொன்னார். ஒரு வார்த்தை கூடுதலாகத் திட்டியிருந்தால் இவரும் பதிலுக்குத் திட்டிச் சமாதானம் ஆகியிருப்பார். யார்டில் நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரத்தம் தலைக்கு ஏறியது. "மண்ணெண்ணெய் கலந்த பெட்ரோல ஊத்தினா நிக்காம பின்ன டான்ஸா ஆடும்? பெட்ரோல் செரியில்ல, மிஷின் மேல பழியப் போடற" என்று, வயதுக்கு மூத்தவரை ஒருமையில் பேசி, மிஷினை இறக்கச் சொன்னார். எல்லாரும் பார்க்க மூடியைத் திறந்து டாங்கில் மூக்கை வைத்து மோந்து, மூடி, கயிற்றை இழுத்தார். ஒரே இழுப்பு. ஐந்து நிமிஷம் ஓடவிட்டார். அணைத்தார். "பாத்துக்க" என்றார். யாரோ சிரித்தார்கள். நாச்சிமுத்து மிஷினை மறுபடி ஏற்றிக்கொண்டு போனார். தட்டை மறந்துவிட்டாரா, விட்டுவிட்டுப் போனாரா தெரியாது. மயிலாத்தாள் வந்து, தட்டை எடுத்துப் போய், கொல்லையில் மம்பட்டியால் குழி வெட்டிப் புதைத்தாள். எந்த இடம்? தென்னைக்கு இந்தண்டை. வாளியை நகர்த்திப் போடலாமா என்று இருந்தது. நகர்த்தவில்லை. அதற்கப்புறம் தொழிலை விட்டுவிட்டு நாச்சிமுத்து திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் பண்டல் கட்டப் போனதாகச் சொன்னார்கள். ஒரு தடவை பல்லடத்தில், பஸ் ஜன்னலில், அவர் இவரைப் பார்த்தார். இவர் முகத்தைத் திருப்புவதற்குள் அவர் கை எடுத்துக் கும்பிட்டுவிட்டார். அந்தக் கும்பிடு. எந்தச் சாபத்துக்கும் எதிர்ப்பேச்சு பேசத் தெரிந்தவருக்கு அந்தக் கும்பிடுக்குப் பதில் இன்றைக்கு வரைக்கும் கிடைக்கவில்லை. அவருடைய வயிற்றெரிச்சல்தான் சுற்றிச் சுற்றி வந்து இந்தக் கட்டிலில் ஏறிவிட்டதோ. பதினாறு. ஏறினால் என்மேல் ஏறட்டும், பஞ்சைத் தின்றவள் மேல் ஏன். பதினேழு.

பதினெட்டில் சுருக்கம் விழுந்தது. இப்போது சீக்கிரம். சிலிண்டர் முள்ளை மனசுக்குள் பார்த்தார், சிவப்பில் பாதி. இந்தத் தடவை நின்றால் அதற்கப்புறம் இன்னொரு தடவை உண்டு, அதற்கப்புறம் சந்தேகம். சிவராசு சூடு என்றானே என்று டாங்கின் மேல் கையை வைத்துப் பார்த்தார். சூடு இல்லை. மிஷின் விழுங்கியது. உள்ளே ஓடுவதா, இங்கே நிற்பதா. விழுங்கியது. மூச்சு முட்டினாப்பல. அந்த வார்த்தை சரியாக அந்தச் சத்தத்தின் மேல் போய் உட்கார்ந்தது, அச்சில் வார்த்த மாதிரி. கோபம் வந்தது, மிஷின்மேல், நாச்சிமுத்துமேல், லைன்காரன்மேல், கட்டிலில் கண்ணை மூடிக் கிடப்பவள்மேல். அடம் பிடிக்கிறவன் காதைத் திருகுகிற மாதிரி டாங்கு மூடியைப் பிடித்து ஒரு திருகு திருகினார். மூடி வர மறுத்தது, உள்ளேயிருந்து யாரோ இழுத்துப் பிடித்த மாதிரி. இன்னும் பலமாகத் திருகினார். உஸ்ஸென்று, முப்பது வருஷம் மிஷின் சத்தத்தில் மழுங்கிய காதுக்குக் கேட்டதைவிடக் கட்டைவிரலுக்குத்தான் தெரிந்தது, காற்று விரலைத் தாண்டி டாங்குக்குள் பாய்ந்தது. செத்துக்கொண்டிருந்த மிஷின் ஒரு உதறு உதறி, நிமிர்ந்து, ஓடியது. சென்னியப்பன் மூடியைக் கையில் பிடித்தபடி நின்றார். இருபது. இருபத்தொன்று. இருபத்திரண்டு. ஓடியது. இருபத்தாறு வரைக்கும் எண்ணினார். அதற்கப்புறம்தான் மூடியைப் பார்த்தார்.

மூடி நடுவில் ஒரு துவாரம் இருக்கும். பெட்ரோல் கீழே இறங்க இறங்க மேலே காற்று உள்ளே போக வேண்டும், அதற்கு. குண்டூசி நுழைகிற துவாரம். அது இருக்கிற இடத்தில் சந்தனம் இருந்தது. சந்தனத்தின் மேல் குங்குமம், குங்குமத்தின் மேல் சந்தனம், வெள்ளிக்கு வெள்ளி அடுக்கடுக்காக, வெயிலில் காய்ந்து ஓடு மாதிரி ஆகிவிட்ட கனத்தில். தை மாதம் வரைக்கும் வீட்டு மிஷினுக்குப் பொட்டு வைத்தது மயிலாத்தாள். அவள் படுத்த பிறகு, வெள்ளிக்கிழமை பூசை விட்டுப்போகக் கூடாது என்று இவர் வைத்தார், கட்டைவிரலால் அப்பி, மூடி மேல், ஏனென்றால் மிஷினுக்கு நெற்றி அதுதானே. பொட்டு வைத்து, சூடம் காட்டி, ஐந்து நிமிஷம் ஓடவிட்டு, நல்லா ஓடுது என்று அணைத்து. வாரம் தவறாமல். எதை ஒழுங்காகப் பராமரித்தோம் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டிருந்தாரோ, அதே கையால் அதன் குரல்வளையைப் பிடித்திருக்கிறார். நேற்றும்கூட, நாளைக்கு ஷட்டவுன், கைவிட்டுராதே என்று ஒரு விரல் கூடுதலாக. உள்ளே போய் அவள் புடவைத் தலைப்பில் குத்தியிருந்த ஊக்கை உருவி வந்து சுரண்டினார். செதில் செதிலாக வந்தது. ஊக்கின் நுனி துவாரத்தில் இறங்கி அந்தப் பக்கம் வெளிச்சம் தெரிந்தபோது, கையில் இருந்தது மூடியாக இல்லை. மஞ்சள் அலகு வெளியே தெரிகிற முட்டை ஓடு. அப்போதுதான் மீதி வந்தது. வராமல் இருக்க என்னென்னவோ செய்து பார்த்தார், மூடியை வேட்டியில் துடைத்தார், வைத்து மூடினார், மிஷினைச் சுற்றி ஒரு தடவை நடந்தார், வந்தே தீர்ந்தது. யார்டிலிருந்து போன ஒவ்வொரு மிஷினுக்கும் சக்கரத்தில் எலுமிச்சம்பழமும் மூடி மேல் சந்தனமும் வைத்து அனுப்புவது அவர் வழக்கம். பலபேர் துடைத்துவிடுவார்கள், பலருக்கு அது காய்ந்து உதிர்ந்துவிடும். நாச்சிமுத்துவிடம் ஏற்றிவிடும்போது சொன்னார், தன் வாயால் சொன்னார்: "வெள்ளிக்கிழமை தவறாம இதுக்கு மேலயே சந்தனம் வைங்க. மிஷின் உங்களக் கைவிடாது." செரீங்க என்றார் நாச்சிமுத்து. சொன்னதைச் செய்கிற மனுஷன். அந்த மறுநாள் யார்டில் மூடியைத் திறந்தபோது அதன் மேல் கனமாகக் காய்ந்த சந்தனத்தைப் பார்த்தது இப்போது கண்ணுக்குத் தெரிகிறது. பக்தியான ஆளுதான், பெட்ரோல்தான் வாங்கத் தெரியல என்று நினைத்ததும் நினைவு வருகிறது. மூடியைத் திறந்தார். திறந்ததில் உள்ளே போன காற்றில் ஐந்து நிமிஷம் ஓடியது. பாத்துக்க என்றார்.

மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு மணி ஆனது, இரண்டு ஆனது. நடுவில் சிவராசு வழியிலிருந்து கூப்பிட்டபோது, வர வேண்டாம், திரும்பிப் போய்ச் சாப்பிடு என்று சொல்லிவிட்டார். உள்ளே போய்க் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். ஆக்சிஜன் மிஷின் புஸ், புஸ் என்று சீராக மூச்சு விட்டது. மயிலாத்தாளின் உதட்டில் கொஞ்சம் நிறம் வந்திருந்தது. "என்னவாமுங்க அதுக்கு?" என்றாள். "ஒண்ணுமில்ல. பெட்ரோல் செரியில்ல" என்றார். சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை காதில் விழுந்தது. பதினோரு வருஷம் பழைய வார்த்தை, துரு ஏறாமல், அப்படியே நாக்கில் தயாராக இருந்திருக்கிறது. அவள் அவர் கையைப் பார்த்தாள். நகக்கண்ணில் சந்தனமும் குங்குமமும். தன் தலைப்பில் ஊக்கு இல்லாத இடத்தைத் தடவிப் பார்த்தாள். "மூடி மேல வெக்காதீங்க, பக்கவாட்டுல வைங்கன்னு சொல்லோணும்னு இருந்தேன்" என்றாள். "நீ பாத்தயா?" "ஜன்னல்லதான படுத்திருக்கறேன். வெள்ளிக்கு வெள்ளி பாக்கறேன்." "அப்பறம் ஏன் சொல்லுல? எதுக்குடி சொல்லுல?" அவள் இரண்டு மூச்சு வாங்கினாள். அவருக்கு அந்த இரண்டு மூச்சும் இரண்டு ஷட்டவுன் நீளம் இருந்தன. "உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும்னா மூணு தடவ சொல்லோணுமுங்க" என்றாள். "மொதத் தடவ அதட்டுவீங்க. ரெண்டாந்தடவ கத்துவீங்க. எனக்கு ஒரு தடவைக்குத்தான் மூச்சு இருக்குது." சிரிக்கிற மாதிரிதான் சொன்னாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

கொல்லைக்கு வந்தார். வாளியில் உட்காரவில்லை. தென்னைக்கு இந்தண்டை நின்று, செல்போனில் பெயர்களைத் தள்ளிக்கொண்டே போனார். வியாபாரம் செய்தவர்கள் நம்பரை அவர் அழிப்பதில்லை. 'கோழி நாச்சிமுத்து' என்று இருந்தது. பதினோரு வருஷ நம்பர், இருக்காது, எடுக்க மாட்டான், மாற்றியிருப்பான். மாற்றியிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே அழுத்தினார். ஏழாவது மணிச் சத்தத்தில் எடுத்தார்கள். "அலோ" என்றது, முள் சிக்கிய அதே தொண்டை, இன்னும் கொஞ்சம் தேய்ந்து. ஆயிரம் பேரிடம் வாயைத் திறந்து முதல் வார்த்தையிலேயே ஆளைச் சாய்த்தவருக்கு எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. "யாருங்க?" என்றது. "சென்னியப்பனுங்க" என்றார். "ஜெனரேட்டரு. உங்க மிஷினு மூடியில சந்தனம் அடைச்சிருந்துச்சுங்க. நான் வைக்கச் சொன்ன சந்தனமுங்க அது. நீங்க சொன்னது நெசமுங்க. பெட்ரோல் நல்லாத்தான் இருந்துச்சு." ஒரே மூச்சில், ஒரே தடவையில் சொல்லி முடித்தார். திட்டு வரும் என்று காத்திருந்தார்; திட்டு வந்தால் போதும், வாங்கிக்கொள்வார், ஒரு பைசா குறைக்கச் சொல்ல மாட்டார். வரவில்லை. போனையும் வைக்கவில்லை. காதோடு காதாக மூச்சு மட்டும் வந்தது, உள்ளே போய், வெளியே வந்து. சென்னியப்பன் காதை எடுக்கவில்லை. பின்னால் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. வலது கை தானாகப் போய் மூடி மேல் இருந்த துவாரத்தைத் தொட்டுப் பார்த்து, மூடிவிடுவோமோ என்று பயந்து விரலை எடுத்துக்கொண்டது. அந்தப் பக்கத்து மூச்சை எண்ண ஆரம்பித்தார். ஒண்ணு. ரெண்டு.